மெகாபிக்சல் மட்டும் போதுமா?

கேமரா வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது மெகாபிக்சல் கணக்குதான். எண் கூடினால் படமும் நன்றாக வரும் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். பட்டப்பகலில் அது ஓரளவு சரி. இரவு விளக்கு வெளிச்சத்தில்தான் சாயம் வெளுக்கிறது.

காரணம் எளிது. ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 துகள்களே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10; அது 10 சதவீதம்! படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் இரைச்சல் பெரும்பாலும் இதுதான். இருக்கிற சோற்றுக்குப் பந்தியில் ஆள் கூடினால் ஒவ்வொரு இலைக்கும் அளவு குறையும்தானே? அதே அளவு சென்சாரில் பிக்சல்களைக் கூட்டினாலும் அப்படித்தான்.

கேனான் 2008-ல் வெளியிட்ட ஜி10 கேமராவில் 14.7 மெகாபிக்சல். 2009-ல் வந்த ஜி11-ல் சென்சார் அளவு கிட்டத்தட்ட அதேதான், ஆனால் 10 மெகாபிக்சல். எண்தான் எல்லாம் என்றால் ஏன் இறங்கி வர வேண்டும்?

அதற்காக, குறைந்த மெகாபிக்சலே நல்லது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் பக்கத்துப் பிக்சல்கள் சராசரியாகி இரைச்சல் பெருமளவு அடங்கிவிடும். சோனி 2018-ல் அறிவித்த 48 மெகாபிக்சல் செல்போன் சென்சார், இருட்டில் நான்கு பிக்சல்களை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படம் தருவது இந்தக் கணக்கில்தான்.

ஆக, மொத்தம் எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது என்பதே முக்கியம். கடையில் கேட்க வேண்டியது எத்தனை மெகாபிக்சல் என்பதல்ல. சென்சார் எவ்வளவு பெரிது, லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைத்தான்.