கல்வெட்டு இருக்கிறது, படியெடுக்க ஆளில்லை

‘நம்பகமான ஆதாரம் இருக்கா?’ விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை நீக்குவதற்கு முன் கேட்கப்படும் கேள்வி. நியாயமான கேள்விதான். அது இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டார்ட்அப்பும் தனக்குத் தானே தலபுராணம் எழுதிக்கொள்ளும். எதைப் பதிலாக ஏற்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

விதி இதுதான்: சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள், நம்பகமான வெளியீட்டில், விரிவாக எழுதியிருக்க வேண்டும். நடிகருக்கு இது சரி, பேசப்படுவதே அவர் தொழிலில் பாதி. ஒரு கருவிக்கு? நல்ல கருவியைப் பற்றி யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். அதை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

டிராக்கர் என்ற இசை மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் ஜெர்மனியின் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, அமிகா கணினிக்காக ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ எழுதினார். அமிகாவின் பவுலா சிப்பில் நான்கு ஒலித்தடங்கள். அதனால் திரையிலும் நான்கு பத்திகள். ஒவ்வொன்றிலும் 64 வரிகள், மேலிருந்து கீழே ஓடும். எந்த வரியில் எந்த ஒலி, எந்த ஸ்வரம் என்று தட்டச்சு செய்தால் பாட்டு. மிடி கோப்பில் ஸ்வரக்குறிப்பு மட்டும்தான் போகும், ஒலி வாங்குகிறவரின் கருவியைப் பொறுத்தது. டிராக்கரின் ‘மாட்’ கோப்பில் குறிப்பும் ஒலியும் சேர்ந்தே போகும். ஒரு ஃப்ளாப்பியில் போட்டுத் தபாலில் அனுப்பினால், அடுத்த நாட்டு அமிகாவிலும் அதே பாட்டு.

இது பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. ‘அன்ரியல்’ (1998), ‘டியஸ் எக்ஸ்’ (2000) விளையாட்டுகளின் இசை டிராக்கர் கோப்புகளாகவே உள்ளே இருக்கிறது. டியஸ் எக்ஸில் சண்டை தொடங்கியதும் இசை மாறுகிறதே, அது அதே கோப்பின் இன்னொரு பகுதிக்குத் தாவுவதுதான். விளையாடியவர்கள் இசையை ரசித்தார்கள். அதன் கோப்பு வடிவம் என்னவென்று விமர்சகர் ஏன் எழுதப்போகிறார்? பிறகு நாம் அதையே திருப்பிப் போடுகிறோம்: யாரும் எழுதவில்லை, ஆகவே முக்கியமில்லை. என்ன தர்க்கம் இது!

சாட்சி கோப்புக்குள்ளேயே இருக்கிறது. 31 ஒலிகள் கொண்ட மாட் கோப்பின் முதல் 1,084 பைட்டுகள் தலைப்பகுதி. ஒவ்வொரு ஒலிக்கும் பெயர் எழுத 22 எழுத்து இடம். அங்கே பெயருக்குப் பதில் தங்கள் புனைபெயரையும் நண்பர்களுக்கு வணக்கத்தையும் எழுதி வைத்தார்கள். சோழர் காலக் கல்வெட்டைப் பார்த்து ‘எந்தப் பத்திரிகையில வந்துச்சு?’ என்று யாராவது கேட்போமா?

ஆனால் ஒன்று. கல்வெட்டும் தானாக வரலாறு ஆகிவிடவில்லை. ஒருவர் படியெடுத்தார், வாசித்தார், பதிப்பித்தார், இன்னொருவர் மறுத்தார். டிராக்கர் ரசிகர்கள் இந்த வேலையைச் செய்யாமல் ‘எல்லாருக்கும் தெரியுமே’ என்று கத்துகிறார்கள். தெரியுமா? அதே தலைப்பகுதியின் கடைசி நான்கு பைட்டுகளில் பெரும்பாலும் ‘எம்.கே.’ என்று இருக்கும். நாய்ஸ்டிராக்கர் எழுதிய ஸ்வீடன்காரர்கள் மஹோனி, காக்டஸ் இருவரின் முதலெழுத்து என்று ஒரு தரப்பு. மைக்கேல் கிளெப்ஸ் என்ற நிரலாளரின் முதலெழுத்து என்று இன்னொரு தரப்பு. கையெழுத்து எத்தனையோ கோப்புகளில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டவர் யாரென்பதில் தகராறு! அன்றே ஒருவர் தேதி போட்டு எழுதி வைத்திருந்தால் இந்தக் குழப்பம் உண்டா?

எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு ஃபின்லாந்து உதாரணம். டிராக்கர் இசை வளர்ந்த டெமோசீன் கலாச்சாரத்தை 2020இல் அந்த நாடு தன் வாழும் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியும் சேர்த்தது. அந்த ஒரு வருடத்தில் இசை மேம்பட்டுவிடவில்லை. சிலர் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார்கள், அவ்வளவுதான்.

ஆகவே காவலர்களுக்கு: மூலச்சான்று தனியாக முக்கியத்துவத்தை நிரூபிக்காது என்பது சரி, ஆனால் அதை வாசித்து எழுதுகிறவரை ‘ரசிகர்’ என்று தள்ளாதீர்கள். கல்வெட்டு படித்தவர்களும் ரசிகர்கள்தான். ரசிகர்களுக்கு: கோப்புகளைத் திறங்கள், பதிப்புகளை ஒப்பிடுங்கள், ஒரு ஆசிரியர் கைபட்டு வெளியாகும் இடத்தில் எழுதுங்கள். அன்றைய பதின்வயதுக்காரர்களுக்கு இன்று ஐம்பது வயது. இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் போட்ட பாட்டு இன்றும் வி.எல்.சி.யில் ஓடும். யார் போட்டது, ஏன் போட்டார் என்பதை வி.எல்.சி. சொல்லாது.