நாளுக்கு ஒன்றரை மணி நேரம்

"சீனமொழித் தேர்வு எழுத ஆசைதான், நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. எட்டு மணி நேரம் உழைத்து, உடல் களைத்து வீடு திரும்புகிறவனின் கேள்வி அது. ஏளனத்துக்குரியதல்ல, விடை கூறவேண்டியது.

சீனத்திலே முன்பு அரசுப் பதவிக்கென ஒரு தேர்வு இருந்தது. ஏடுகளை ஆண்டுக்கணக்கில் மனப்பாடம் செய்தனர். யாரால் முடிந்தது? பெரும்பாலும், தமக்காக ஏர்பிடிக்க வேறொருவன் இருந்தவர்களால்! 1905-இல் அது ஒழிந்தது. இன்று பிறமொழியார்க்கு நடைபெறும் எச்.எஸ்.கே. தேர்வை எவரும் எழுதலாம். ஆனால், உழைப்பாளிக்கு ஓய்வு குறைவு. குறைந்த கூலிக்காரன் காசை எண்ணிச் செலவிடுவதுபோல, குறைந்த ஓய்வுடையவன் நேரத்தை எண்ணிச் செலவிட வேண்டும். அதற்குப் பெயர்தான் திட்டம்.

பலர் செய்வதென்ன? சொற்களை மட்டும் நூறு நூறாக நெட்டுருப் போடுகிறார்கள். 2010-இல் அமைந்த முறையின் மூன்றாம் படியைப் பாருங்கள். கேட்டலில் 40 கேள்விகள், படித்தலில் 30, எழுதுதலில் 10. மதிப்பெண்ணோ மூன்றுக்கும் நூறு நூறு! தேர்ச்சிக்கு 180. "பத்தே கேள்விதானே!" என்று எழுதுதலை உதறியவன், மற்ற 200-இல் 180 எடுத்தாக வேண்டும். 2021-இல் ஒன்பது படிகள் கொண்ட புதிய தர வரையறை வந்தது. படிகள் மாறின, பாடம் மாறவில்லை.

'மா' என்ற ஓரொலி, தொனிக்கேற்பத் தாயாகும், சணலாகும், குதிரையாகும், திட்டுதலாகும். இதை ஏடு கற்பிக்குமா? காதுதான் கற்கவேண்டும்; அதுவும் நாள்தோறும்!

எனவே நாம் கூறும் திட்டம் இது: நாளுக்கு ஒன்றரை மணி. முதல் 20 நிமிடம் பழைய சொற்களைப் புதுப்பிக்க. புதியன பத்துக்கு மேல் வேண்டாம். அடுத்த 25 கேட்க, 25 படிக்க, 20 கையால் எழுத. ஐந்து நாள் இப்படி. ஆறாம் நாள், கடிகாரத்தை எதிரே வைத்து மாதிரித் தேர்வு. எதில் சறுக்கினோமோ, அதற்கு மறுவாரம் பத்து நிமிடம் கூட்டுக, வலுவானதில் குறைத்துக்கொள்க. ஏழாம் நாள் ஓய்வு. மிகைநேர வேலையால் தவறிய பாடத்துக்கும் அந்நாளே இடம் தரும்.

மாதம் முழுதும் உறங்கிவிட்டுத் தேர்வுக்கு முன் மூன்றிரவு விழிப்பது வீரமல்ல, வீண். ஒருநாள் பெய்யும் பெருமழை ஓடிவிடும். நாள்தோறும் இறைக்கும் நீரே பயிரைக் காக்கும். இறைக்கத் தெரிந்த கைகள் நம் கைகள், தோழர்களே! இன்றே கால அட்டவணையைச் சுவரில் ஒட்டுவோம்!