பூட் ஆயிடுச்சுன்னா போதுமா?

டிசம்பர்ல ஒரு ராத்திரி எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டேன். ஆறு கோரும் 4.6 கிகாஹெர்ட்ஸ், சினிபெஞ்ச் பத்து நிமிஷம், ஒரு தடங்கலும் இல்லை. கம்பெனி செட்டிங்ல அதே சிப் எல்லா கோரும் சேர்ந்து ஓடும்போது 4.2ல தான் நிக்கும். குரூப்ல வரிசையா ஃபயர் எமோஜி. ஏப்ரல்ல அந்த ஸ்கிரீன்ஷாட்டை நானே டெலீட் பண்ணிட்டேன். ஏன்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஓவர்க்ளாக் பண்ற பசங்க, நானும் சேர்த்துத்தான், ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கிறோம். கம்ப்யூட்டர் ஆன் ஆகறது வேற. அது சரியா கணக்குப் போடறது வேற. முதல் விஷயத்துக்கே ட்ரீட் வெச்சிட்டு, ரெண்டாவதை யாரும் செக் பண்றதே இல்லை. கேம் மட்டும் ஆடறவங்களுக்கு இதனால பெரிய நஷ்டம் கிடையாது. அதே மெஷின்ல ப்ராஜெக்ட் ஓட்டறவங்களுக்கு உண்டு.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் எப்படிப் பரவும்ங்கிற சிமுலேஷன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி பக்கத்துலேருந்து எண்ணெய் வந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியா கொசஸ்தலை ஆத்துல கலந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். படகு, வலை, அலையாத்தி மரம், எது மேல கை வெச்சாலும் கறுப்பு. எங்க டீம்ல நாலு பேர். ஒருத்தன் வீடு நெட்டுக்குப்பம். அவனுக்கு இது வெறும் மார்க் விஷயம் இல்லை.

ஒரு ரன் முடிய பத்து மணி நேரம் ஆகும். அதனாலதான் ஓவர்க்ளாக் பண்ணின என் மெஷின்ல ஓட்டினோம். மார்ச் கடைசியில, பழைய அவுட்புட் ஃபைல் அழிஞ்சு போனதால அதே இன்புட்டை இன்னொரு தடவை ஓட்ட வேண்டியதாச்சு. முதல் ரன்ல எண்ணெய் ஆறாவது மணி நேரத்துல நெட்டுக்குப்பம் கரையைத் தொட்டிருந்தது. ரெண்டாவது ரன்ல தொடவே இல்லை, நேரா கடலுக்குப் போயிடுச்சு. பல த்ரெட்ல ஓட்டும்போது கடைசி தசமத்துல வித்தியாசம் வரும், அது சகஜம். ஒரு ஊருக்கு எண்ணெய் வருமா வராதாங்கிறது கடைசி தசமம் இல்லை.

ஃபைல் மட்டும் அழியாம இருந்திருந்தா இது எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. அதை நினைச்சா இன்னும் வயித்தைக் கலக்குது.

அதுக்கப்புறம் நாங்க பண்ணின கூத்தைக் கேளுங்க. மொதல்ல கோடு மேல சந்தேகம், ஒரு வாரம் போச்சு. அப்புறம் விண்டோஸ் ரீ-இன்ஸ்டால். அப்புறம் ரேம் மாத்திப் பார்த்தோம். அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட் போய் 4,500 ரூபாய்க்கு ஒரு புது எஸ்எம்பிஎஸ். எங்கப்பா ஹார்பர் கன்டெய்னர் யார்டுல வேலை பார்க்கிறார், அந்தக் காசு எப்படி வந்ததுன்னு நான் விளக்க வேண்டாம். எல்லாம் பண்ணினேன், ஒண்ணைத் தவிர. பயாஸுக்குள்ள போய் எல்லாத்தையும் டீஃபால்ட்ல வெச்சுப் பார்க்கலை. ஏன்னா அது சரியா இருக்குன்னு என்கிட்ட ஸ்கிரீன்ஷாட் இருந்தது!

கடைசியில ஈவென்ட் வியூவரைத் திறந்தா, அங்க வியா-லாகர்ங்கிற பேர்ல எச்சரிக்கை வரிசையா நிக்குது. ஐடி 19. அதாவது ஹார்டுவேர்ல பிழை வந்தது, நானே திருத்திட்டேன்னு பிராசஸர் எழுதி வெச்ச குறிப்பு. எந்தக் கோர்னு நம்பரும் இருக்கு, பெரும்பாலும் ஒரே கோர். ஒரு மாசமா அது சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, நான்தான் எட்டிக்கூடப் பார்க்கலை. அதுக்குத் தெரிஞ்ச பிழையைத்தான் அது எழுதும். அதுக்குத் தெரியாமலே போன பிழையை யார் எழுதறது?

4.2க்குத் திரும்பி மூணு தடவை ஓட்டினோம். மூணும் ஒண்ணு. ஏழாவது மணி நேரத்துல எண்ணெய் கரையைத் தொடுது. நெட்டுக்குப்பம் நண்பன் என்னைத் திட்டலை. "வராதுன்னு ரிப்போர்ட்ல போட்டிருந்தா என்னடா ஆயிருக்கும்?"னு மட்டும் கேட்டான்.

நான் இப்போ எல்லார்கிட்டயும் சொல்றது: பூட் ஆகலைன்னா நீ லக்கி. 4.7 ட்ரை பண்ணினப்போ என் மெஷின் பூட்டே ஆகலை. ஃபேன் ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். "டேய், அது மூச்சு வாங்குதுடா, ஆஃப் பண்ணு"ன்னு அம்மா சமையல்கட்டுலேருந்து கத்தினாங்க. ஆனா அந்தப் பிரச்சனை நேர்மையானது. போர்டு மேல சின்ன எல்இடி இருக்கும், சிபியுவா ரேமா கிராஃபிக்ஸா எங்க மாட்டிக்கிச்சுன்னு அதுவே காட்டிடும். நிறைய போர்டு சில தடவை முயற்சி பண்ணிட்டு தானே பழைய வேகத்துக்கு இறங்கி வந்துடும். வரலைன்னா பவர் கேபிளை உருவிட்டு, போர்டுல இருக்கிற காசு மாதிரி பேட்டரியைக் கழட்டி, அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டினா போதும். ஒரே ஒரு எச்சரிக்கை. டிடிஆர்5 ரேம் போட்ட மெஷின் முதல் தடவை ரேமைப் பழக்கிக்கவே சில நிமிஷம் எடுக்கும், ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கும். செத்துப்போச்சுன்னு அவசரப்பட்டு ஆஃப் பண்ணாதீங்க.

பூட் ஆகி, டெஸ்க்டாப் வந்து, பாட்டும் பாடிக்கிட்டே தப்பா கணக்குப் போடற மெஷின்தான் ஆபத்து. இது ஓவர்க்ளாக் பண்ற நம்மகிட்ட மட்டும் இருக்கிற வியாதியும் இல்லை. 2021ல ஃபேஸ்புக் இன்ஜினியர்கள் ஒரு பேப்பர் எழுதினாங்க. அவங்க டேட்டா சென்டர்ல ஒரு பிராசஸரோட ஒரே ஒரு கோர், 1.1ஐ 53 தடவை பெருக்கி முழு எண்ணாக்குன்னா 156 சொல்றதுக்குப் பதிலா பூஜ்யம்னு சொல்லுது. கிராஷ் இல்லை, எர்ரர் மெசேஜ் இல்லை. ஃபைலோட சைஸ் பூஜ்யம்னு நம்பி, அந்த ஃபைலை அப்படியே விட்டுட்டுப் போயிடுச்சு சாஃப்ட்வேர். அவங்களே அந்தப் பிழையைத் துரத்திப் பிடிக்க அவ்வளவு சிரமப்பட்டாங்கன்னா, பத்து நிமிஷ சினிபெஞ்ச் எனக்கு என்ன நிரூபிச்சிருக்கும்?

இன்டெல் கதை இன்னும் சுவாரஸ்யம். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப் வெச்சிருந்தவங்களுக்கு சில கேம்ல 'வீடியோ மெமரி பத்தலை'ன்னு எர்ரர் வந்தது. எல்லாரும் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினாங்க. உண்மையில, சுருக்கி வெச்ச டேட்டாவைப் பிரிக்கும்போது பிராசஸர் தப்புப் பண்ணியிருக்கு. 2024 ஜூலைல இன்டெலே ஒத்துக்கிட்டாங்க, மைக்ரோகோடு தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டிருக்குன்னு. ஆகஸ்ட்ல வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டிச்சு அஞ்சாக்கினாங்க. புது மைக்ரோகோடு மேற்கொண்டு சேதம் ஆகாம பார்த்துக்கும், ஏற்கெனவே தேய்ஞ்ச சிப்பை சரி பண்ணாது. இதுல ரெண்டு பாடம். எர்ரர் மெசேஜ் கைகாட்டற ஆளே குற்றவாளின்னு நினைக்காதீங்க. இன்னொண்ணு, அதிக வோல்டேஜ் இன்னைக்கு ஒண்ணும் பண்ணாது, ஆறு மாசம் கழிச்சுப் பண்ணும்.

சரி, டிசம்பர்ல ஒழுங்கா ஓடினது மார்ச்ல ஏன் சொதப்பிச்சு? இந்த இடத்துலதான் நம்ம ஏரியாவைப் பத்திப் பேசணும். ஓவர்க்ளாக் வீடியோ எல்லாம் ஏசி ரூம்லயோ குளிர் தேசத்துலயோ எடுத்தது. சாதாரணக் கூலர் எதுவும் ரூம் வெப்பநிலைக்குக் கீழே சிப்பைக் கொண்டுபோகாது. ரூம் 12 டிகிரி ஏறினா சிப்பும் கிட்டத்தட்ட 12 டிகிரி ஏறும். டிசம்பர் ராத்திரி என் ரூம் 24, சிப் 78. மார்ச் கடைசி மத்தியானம் ரூம் 35, சிப் 90. சூடு ஏறினா லீக்கேஜ் கூடும், டிரான்சிஸ்டர் மந்தமாகும், அதே வேகத்துக்கு இன்னும் வோல்டேஜ் கேட்கும். வோல்டேஜ் ஏத்தினா இன்னும் சூடு. சிப் இழுக்கிற பவர் வேகத்தோட நேரா கூடும், வோல்டேஜோட இருமடியா கூடும். நான் 1.25லேருந்து 1.35 வோல்ட்டுக்கும், 4.2லேருந்து 4.6க்கும் ஏத்தினேன். பெருக்கிப் பாருங்க, சுமார் 28 சதவீதம் அதிக பவர். கிடைச்ச வேகம் பத்து சதவீதம்கூட இல்லை. பத்து மணி நேர ரன்ல ஐம்பது நிமிஷம் மிச்சம், அதுக்கு விலை ஒரு மாசம்.

திருவொற்றியூர்ல எங்க வீட்டு ஜன்னலைத் திறந்தா கன்டெய்னர் லாரிப் புழுதியும் உப்புக் காத்தும். மூடினா அடுப்பு. ரெண்டுல எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிராசஸருக்குத்தான் தண்டனை. கூலரைக் கழட்டிப் பார்த்தப்போ துடுப்புக்கு நடுவுல கறுப்பா பிசுபிசுன்னு ஒரு போர்வை. கேபினெட் ஸ்க்ரூ நாலும் துருப்பிடிச்சுப் போச்சு. ரேம் காலை ரப்பரால தேய்ச்சதும் ஒரு நண்பனோட மெஷின் உயிர் வந்ததை என் கண்ணால பார்த்திருக்கேன். காசிமேடு, எண்ணூர் பக்கம் இருக்கிறவங்க எந்த செட்டிங்கையும் தொடறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணுங்க. யூடியூப்ல யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க, அவங்க வீட்டுல கடல் இல்லை.

"அப்போ ஓவர்க்ளாக்கே தப்பா?"ன்னு ஒரு ஜூனியர் கேட்டான். இல்லைடா. காசு இருக்கிறவன் புது சிப் வாங்கிடுவான். செகண்ட் ஹேண்ட் சிப்பை வெச்சுக்கிட்டு கொஞ்சம் கூட வாங்க முடியுமான்னு பார்க்கிறது நம்ம மாதிரி ஆளுங்கதான். அதுல எனக்குக் கேவலம் ஒண்ணும் தெரியலை. ஆனா ஒழுங்கா பண்ணணும். ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மாத்தணும். எக்ஸ்எம்பி ஆன் பண்றதும் பெரும்பாலும் ஓவர்க்ளாக்தான், ரேம் பாக்ஸ்ல 3600னு அச்சடிச்சிருக்கிறதால பிராசஸர் அதுக்கு உத்தரவாதம் குடுக்கலை. அதனால பிரச்சனைன்னா மொதல்ல அதையும் ஆஃப் பண்ணிட்டுப் பார்க்கணும். முழு லோடுல விழுந்தா வோல்டேஜ் பத்தலையா, சூடா, பாருங்க. சும்மா இருக்கும்போது விழுந்தா, வோல்டேஜைக் குறைச்சு வெச்சிருக்கீங்களான்னு பாருங்க. காலையில முதல் தடவை மட்டும் பூட் ஆகாம அடம்பிடிச்சா நான் ரேமைத்தான் சந்தேகப்படுவேன். டெஸ்ட்டுன்னா பிரைம்95 மாதிரி விடையைச் சரிபார்க்கிற ஒண்ணு, ராத்திரி முழுக்க இல்லை, மத்தியானம் முழுக்க, ஏசி இல்லாம. மே மாசத்துல பாஸ் ஆனாத்தான் சென்னையில பாஸ். 2003 மே 31ஆம் தேதி நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி பதிவாயிருக்கு. அதுக்காக அந்த நாள் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலை, 24 டிகிரியில ஜெயிச்சதை எமோஜியோட போடாதீங்கன்னுதான் சொல்றேன்.

நம்ம டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு கோரிக்கை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல மார்ஜின் எத்தனை இன்ச், ஃபான்ட் என்ன சைஸ்னு அவ்வளவு கறாரா கேட்கிறீங்க. சிமுலேஷன் எந்த மெஷின்ல, எந்த செட்டிங்ல ஓடினது, எத்தனை தடவை ஓட்டி ஒரே விடை வந்ததுன்னு ரெண்டு வரி கேளுங்க. எங்க ரிப்போர்ட்ல நாங்களே போட்டுட்டோம். ரிவ்யூல ஒரு சார் அதைப் படிச்சிட்டு, "இது எதுக்குப்பா இங்கே?"ன்னு கேட்டார். நெட்டுக்குப்பம் நண்பன்தான் எழுந்து விளக்கினான், என் பேரைச் சொல்லாம.

யாருக்காவது டெஸ்ட் பண்ணணும்னா என்கிட்ட ஒரு ரூம் தெர்மாமீட்டர் இருக்கு, வாங்கிட்டுப் போங்க. ஒரு வாரத்துல திருப்பிக் குடுத்துடணும்.