ஒலிச் செருகுநிரல் வடிவங்கள்

கணினியில் இசையைப் பதிவு செய்யவும் தொகுக்கவும் பயன்படும் மென்பொருளுக்குள் இணைந்து இயங்கும் சிறு நிரல் ஒலிச் செருகுநிரல் எனப்படும். குரலுக்கு எதிரொலி சேர்ப்பது, பியானோவின் ஒலியை உருவாக்குவது போன்ற பணிகளை இது செய்கின்றது. இசை மென்பொருளும் செருகுநிரலும் தரவுகளைப் பரிமாறிக்கொள்ளும் முறையை வரையறுப்பது செருகுநிரல் வடிவம் ஆகும். விஎஸ்டி, ஏயு, ஏஏஎக்ஸ், எல்வி2, கிளாப் ஆகியன வழக்கிலுள்ள வடிவங்கள். இவை ஒன்றுபடாமைக்குத் தொழில்நுட்பத்தை விட உரிமமும் வணிக நலனுமே பெரிய காரணங்கள் எனலாம்.

வரலாறு

செருமனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996 இல் கியூபேஸ் மென்பொருளுடன் விஎஸ்டி வடிவத்தை வெளியிட்டது. 1999 இல் வந்த இரண்டாம் பதிப்பு மிடி குறிப்புகளைப் பெறும் வசதியைத் தந்ததால் இசைக்கருவிகளும் செருகுநிரல்களாயின. போட்டி நிறுவனங்கள் பலவும் இதனை ஏற்றுக்கொண்டன. ஆப்பிள் நிறுவனமோ ஏயு என்னும் தனி வடிவத்தை உருவாக்கியது. அதன் லாஜிக் புரோ ஏயுவை மட்டுமே ஏற்கும். அவிட் நிறுவனத்தின் புரோ டூல்ஸ் 2013 இல் வெளியான 11 ஆம் பதிப்பு முதல் ஏஏஎக்ஸ் வடிவத்தை மட்டுமே ஏற்கின்றது. இதனால் ஒரே செருகுநிரலை அதன் ஆக்குனர் மூன்று வடிவங்களிலாவது தொகுத்துச் சோதிக்க நேர்கின்றது.

உரிமச் சிக்கல்

விஎஸ்டியின் மூன்றாம் பதிப்பு 2008 இல் வெளியானது. இது முந்தையதன் நீட்சியன்று, புதிதாக வடிவமைக்கப்பட்டது. மிடி கட்டுப்பாட்டுச் செய்திகளை இது கையாளும் விதம் ஆக்குனர்கள் பலருக்கு உவப்பாக இல்லை. பழையது நன்றாகவே இயங்கியதால் மாற எவரும் அவசரப்படவுமில்லை. ஸ்டைன்பெர்க் 2018 அக்டோபரில் இரண்டாம் பதிப்புக்குப் புதிய உரிமங்கள் வழங்குவதை நிறுத்தியது. முன்னரே ஒப்பமிட்டவர்கள் தொடரலாம். புதியவர்களுக்கு வழி அடைபட்டது. 2022 சனவரியில், தனது மென்பொருள்களிலும் அப்பதிப்புக்கான ஆதரவு 24 மாதங்களுக்குள் கைவிடப்படும் என அறிவித்தது.

இது ஆக்குனர்களின் பூசல் மட்டுமன்று. இசைத் திட்டக் கோப்பில் செருகுநிரலின் பெயரும் அமைப்புகளுமே சேமிக்கப்படுகின்றன. செருகுநிரல் அதில் இல்லை. மென்பொருள் அவ்வடிவத்தைக் கைவிட்டால், பழைய பாடலைத் திறக்கும்போது அக்கருவி ஒலிக்க வேண்டிய இடத்தில் அமைதியே மிஞ்சும். ஆக்குனர் மூன்றாம் பதிப்பில் மாற்று ஒன்றை முறையாகத் தந்திருந்தால் பழைய அமைப்புகளை மீட்கலாம். அவர் தொழிலை விட்டிருந்தால் அதற்கும் வழியில்லை.

கிளாப்

பெர்லின் நகரைச் சேர்ந்த பிட்விக், யூ-ஹி நிறுவனங்கள் 2022 சூனில் கிளாப் வடிவத்தை எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டன. ஒப்பந்தம் எதிலும் கையொப்பமிடாமலேயே எவரும் இதனைப் பயன்படுத்தலாம். லினக்சுப் பயனர்களிடையே பரவிய எல்வி2 வடிவம் இவ்வுரிமையை முன்னரே தந்திருந்தது. ஆயினும் பெரிய வணிக மென்பொருள்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. கிளாப்பை ரீப்பர், எஃப்எல் ஸ்டுடியோ போன்றவை ஏற்றன.

2025 அக்டோபரில் ஸ்டைன்பெர்க்கும் விஎஸ்டி மூன்றாம் பதிப்பை எம்ஐடி உரிமத்துக்கு மாற்றியது. இம்மாற்றம் இரண்டாம் பதிப்புக்குப் பொருந்தாது. பழைய பாடல்களைக் காக்க விரும்புவோர், செருகுநிரல் இயங்கும்போதே ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி ஒலிக்கோப்பாக மாற்றி வைக்கின்றனர்.