கணினிக்கு மறதி இல்லை என்ற கட்டுக்கதை

கணினியில் ஆர்வம் மிக்க இளைஞர்களோடு பத்து நிமிடம் உரையாடினால் போதும், ஒரு வாக்கியம் கட்டாயம் வந்து விழும்: "இணையத்தில் ஒருமுறை ஏறிவிட்டால் அது என்றைக்கும் அழியாது." அதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. "கணினிக்கு மறதி கிடையாது." "மேகத்தில் போட்டுவிட்டால் கவலையில்லை." "இந்தக் காலத்தில் யார் ஐயா காகிதத்தைச் சேர்த்து வைக்கிறார்கள்?" புதிய கைத்தொலைபேசி பற்றியும், செவ்வாய்க்குப் போகும் விண்கலம் பற்றியும், சென்ற வாரம் வந்த திரைப்படத்தின் வரைகலை பற்றியும் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லும் அதே தொனியிலேயே இதையும் சொல்வார்கள். மற்றைய தீர்ப்புகளால் எவருக்கும் கேடில்லை. இந்த ஒன்றால் கேடு உண்டு. ஏனெனில் பத்திரிகை நிருவாகிகளும் நூலகப் பொறுப்பாளர்களும் இதை நம்பத் தொடங்கிவிட்டார்கள். பழைய இதழ்களின் கட்டுகள் நிறுவைக்குப் போவதற்கு இந்த வாக்கியமே அனுமதிச் சீட்டாகிவிட்டது.

காகிதத்தோடு வாழ்ந்த கிழவன் காகிதத்துக்காக வாதாடுகிறான் என்று ஒதுக்கிவிட இடம் கொடாமல், அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் இடங்களிலிருந்தே எனது சான்றுகளை எடுக்கிறேன்.

முதலாவது, நாசா. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் சந்திரனில் நடந்ததை உலகம் மங்கலான தொலைக்காட்சிப் படமாகவே பார்த்தது. சந்திரனிலிருந்து வந்த மூலச் சமிக்ஞை அதைவிடத் தெளிவானது. வழக்கமான தொலைக்காட்சிக்கு ஏற்றபடி அதை மாற்றியபோதுதான் தரம் கெட்டது. அந்த மூலச் சமிக்ஞை தனியே காந்த நாடாக்களில் பதியப்பட்டிருந்தது. பல்லாண்டுகள் கழித்து அவற்றைத் தேடியபோது நாடாக்கள் கிடைக்கவில்லை. நாடாத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கவேண்டும் என்று 2009இல் நாசாவே அறிவித்தது. மனித குலத்தின் மாபெரும் பாய்ச்சல் என்று போற்றப்பட்ட ஒன்றின் மூலப்பதிவை, பள்ளிக்கூடப் பிள்ளை சிலேற்றை அழிப்பதுபோல் அழித்துவிட்டார்கள். இன்று நாம் பார்க்கும் சீர்செய்யப்பட்ட படம், தொலைக்காட்சி நிலையங்கள் முதலான வேறு இடங்களில் தற்செயலாகத் தங்கியிருந்த ஒளிபரப்புப் பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்டது.

இரண்டாவது, திரைப்படம். பிக்சார் நிறுவனம் 'டோய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த 1998ஆம் ஆண்டில், எவரோ ஒருவர் கொடுத்த ஒற்றைக் கட்டளையால் படத்தின் கோப்புகள் கண்முன்னே மறையத் தொடங்கின. மின்சாரத்தைத் துண்டிப்பதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. சரி, காப்புப்பிரதி இருக்கிறதே என்று அதைத் திறந்தால், அது ஏற்கனவே பழுதாகிப் பல நாட்களாகியிருந்தது. எவரும் அவதானிக்கவில்லை. அப்போது குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றி, குழந்தையைச் சுமப்பதுபோல் கொண்டுவந்து சேர்த்தார்கள். உலகின் தலைசிறந்த கணினி வல்லுநர்கள் நிறைந்த ஒரு நிறுவனத்தின் படத்தைக் காப்பாற்றியது நிறுவனத்தின் காப்பு ஒழுங்கு அன்று. ஒரு தாயின் வீட்டில் இருந்த இன்னொரு பிரதி.

இவ்விரண்டு கதைகளுக்கும் உள்ள ஒற்றுமையை வாசகர்கள் கவனிக்கவேண்டும். பிழைத்தது எதுவோ அது வேறோரிடத்தில் வேறொருவரிடம் இருந்ததால் பிழைத்தது. பிபிசி தொலைக்காட்சியின் 'டொக்டர் ஹூ' தொடரும் இப்படித்தான். 1960களில் ஒளிபரப்பான அதன் தொண்ணூறுக்கு மேற்பட்ட அத்தியாயங்களின் படச்சுருள் இன்றில்லை. ஒளிப்பதிவு நாடாவை மிச்சம்பிடிப்பதற்காக நிறுவனமே அழித்தது. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த இரசிகர்கள் செய்த உபகாரம் அது. தொலைந்த அத்தியாயங்கள் சில 2013இல் நைஜீரியாவிலிருந்து மீண்டன.

"அதெல்லாம் நாடாக் காலத்துக் கதை, இப்போது எல்லாம் எண்முறை" என்று ஆர்வலர் சொல்வார். எண்முறைக்கே வருவோம். 1086இல் இங்கிலாந்தில் தொகுக்கப்பட்ட நிலக்கணக்கேட்டின் 900ஆம் ஆண்டு நிறைவுக்காக 1986இல் பிபிசி ஒரு நவீன கணக்கேட்டை உருவாக்கியது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பாடசாலை மாணவர்கள், தங்கள் ஊர்களைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் அனுப்பினார்கள். எல்லாம் அன்றைய அதிநவீன ஒளித்தட்டுகளில் பதியப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் செல்வதற்குள் அத்தட்டை வாசிக்கும் கருவி அரும்பொருளாகிவிட்டது. ஆய்வாளர்கள் பெரும்பாடுபட்டு அதை மீட்டார்கள். 2011இல் அதன் ஒரு பகுதி இணையத்தில் ஏற்றப்பட்டது. 2018இல் அந்த இணையத்தளமும் மூடப்பட்டு, அதன் பிரதி பிரித்தானியத் தேசிய சுவடிகள் கூடத்தைச் சென்றடைந்தது. ஒன்பது நூற்றாண்டுக்கு முன் ஆட்டுத்தோலில் எழுதிய மூல ஏடோ அதே கூடத்தில் எந்தக் கருவியின் துணையுமின்றி இன்றும் வாசிக்கத்தக்கதாக இருக்கிறது. இலத்தீன் தெரிந்தால் மட்டும் போதும்.

இனி அந்த மேகம். 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் டேஜன் நகரில் அரச தரவு மையமொன்றில் மின்கலம் தீப்பற்றியது. அரச ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்துவந்த மேகச் சேமிப்பகம் சாம்பலானது. 858 டெராபைட் தரவு. காப்புப்பிரதி கிடையாது. ஏன் இல்லை என்றால், அளவு பெரிதாக இருந்ததாம். அதிவேக இணையத்துக்கு உலகமே உதாரணம் காட்டும் நாடு அது. நமது இலங்கையைச் சொல்லவே வேண்டாம். 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரச மேகத்தின்மீது கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியபோது, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளப்பெற முடியாதவாறு போயின. மேகம் என்ற சொல்லே ஒரு வியாபார உத்தி. வானத்தில் எதுவுமில்லை. எங்கோ ஒரு கட்டடம், அதற்குள் இரும்புப் பெட்டிகள், அவற்றுக்கு ஒரு மின்சாரக் கட்டணம், அதைக் கட்டுவதற்கு ஒரு முதலாளி. அந்த முதலாளிக்கு மனம் மாறினால் உங்கள் மேகம் கலைந்துவிடும்.

மனம் மாறும் என்பதற்குச் சான்று வேண்டுமா? யாஹூ நிறுவனம் 1999இல் வாங்கிய ஜியோசிற்றீஸ் என்ற பெருந்தளத்தை 2009இல் மூடியது. சாதாரண மனிதர்கள் முதன்முதலில் இணையத்தில் கட்டிய வீடுகள் அவை. அதே நிறுவனம் யாஹூ குழுமங்களின் சேமிப்பை 2019இன் இறுதியில் அழித்து, மறு ஆண்டு குழுமங்களையே மூடியது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் ஆகிய பெயர்களைக் கேட்டால் இன்றும் முகம் மலரும் தமிழர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இணையத் தமிழின் இளமைக்கால உரையாடல்கள், சண்டைகள், முதற் சிறுகதைகள் அங்கேதான் நடந்தன. தனிப்பட்ட சிலர் தரவிறக்கி வைத்திருப்பவை தவிர எஞ்சியவை எங்கே? மைஸ்பேஸ் தளமோ, 2003 தொடக்கம் 2015 வரை இசைக்கலைஞர்கள் ஏற்றிவைத்த பாடல்களை வழங்கி மாற்றும்போது தொலைத்துவிட்டதாக 2019இல் மிகச் சுருக்கமாக அறிவித்தது. கோடிக்கணக்கான பாடல்கள் அவை. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதமானவை பத்தாண்டுகளின் பின் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்குச் சொன்னது. என்றென்றைக்கும் என்பது இணையத்தில் இவ்வளவு காலம்தான்.

"ஆனால் நடிகையின் அந்தரங்கப் படமும் அமைச்சர் உளறிய காணொளியும் அழிய மறுக்கின்றனவே" என்பது ஆர்வலரின் கடைசி வாதம். உண்மை. அவை அழியாததற்குக் காரணம் இணையமன்று. ஆயிரம்பேர் அவற்றைப் பிரதியெடுத்துத் தத்தம் கைத்தொலைபேசியில் வைத்திருக்கிறார்கள். வம்புக்குப் பிரதி பெருகும். மன்னாரில் ஒரு மீனவச் சங்கத்தின் கூட்ட அறிக்கைக்கு யார் பிரதியெடுப்பார்? ஐம்பது வருடம் கழித்து ஒரு வரலாற்று மாணவனுக்குத் தேவைப்படப்போவது அந்த அறிக்கைதான்.

காகிதம் மட்டும் எரியாதா என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சற்றே துணிவு வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் எரிந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. அந்தச் சாம்பல் சொல்லும் பாடமும் நான் மேலே சொன்னதேதான். அச்சிடப்பட்டு உலகெங்கும் பரவியிருந்த நூல்களைப் பின்னர் வேறிடங்களிலிருந்து திரும்பச் சேர்க்க முடிந்தது. ஓர் ஏடு, ஒரு கையெழுத்துப் பிரதி என்று அங்கே மட்டும் இருந்தவை போனது போனதுதான். நாம் எமது எழுத்துகள் அனைத்தையும் ஒரே நிறுவனத்தின் வழங்கியில் கொண்டுபோய் வைக்கும்போது, அச்சான நூலைத் திரும்பவும் ஒற்றை ஏடாக மாற்றுகிறோம். தீ வைப்பவனுக்கு வேலை சுலபமாகிறது. தீயே தேவையில்லை, ஒரு கட்டணப் பட்டியல் போதும்.

தமிழுக்கு இதில் தனியானதொரு சோகம் உண்டு. தொண்ணூறுகள் தொடக்கம் எமது பத்திரிகைகள் கணினியில் பக்கம் அமைத்தன. அப்போது கையாளப்பட்டது பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்கள். பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் கணினி தமிழைச் சேமிப்பதில்லை. ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே சேமிக்கிறது. எழுத்துரு என்ற முகமூடியை மாட்டினால் அது தமிழாகத் தோன்றும், கழற்றினால் பிதற்றல். அதிலும் ஒரு பத்திரிகைக்கு ஒரு முகமூடி, பக்கத்துப் பத்திரிகைக்கு இன்னொன்று. யூனிகோட் நியமத்தில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. பத்திரிகை அலுவலகங்களில் அது குடியேறுவதற்குப் பல்லாண்டுகள் சென்றன. சில இடங்களில் இன்றும் முழுமையாகக் குடியேறவில்லை. இதனால் போர்க்காலச் செய்திகளின் மூலக் கோப்புகள், அவை எங்காவது இருந்தாலும்கூட, தேடுபொறிக்கு எட்டாத பிதற்றலாகவே கிடக்கின்றன.

இருந்தாலும்கூட என்று சொன்னேன். நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில் பல வருடத்துப் பக்கங்கள் இறுவட்டுகளில் பதியப்பட்டு, திகதி எழுதப்பட்டு, ஓர் அலுமாரியில் அடுக்கப்பட்டிருந்தன. அதை நம்பி அச்சுப் பிரதிகளின் கட்டுகளை நிருவாகம் நிறுவைக்கு விற்றது. இடம் அடைக்கிறது என்றார்கள். பின்னொரு நாள் ஒரு கட்டுரைத் தொடருக்காக அந்த இறுவட்டுகளைக் கேட்டேன். பாதிக்குமேல் திறக்கவில்லை, ஈரலிப்பில் அவற்றின் மேற்பூச்சு உரிந்திருந்தது. திறந்தவற்றில் பக்க வடிவமைப்புக் கோப்புகள் மட்டும் இருந்தன. அந்த மென்பொருள் எம்மிடம் இல்லை, எழுத்துருவும் இல்லை. அக்காலத்தில் வன்னியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தி அனுப்பிய ஊர் நிருபர்கள் சிலர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் எழுதியதும் அங்கே இல்லை. கணினிக்கு மறதியில்லை என்று சொல்பவரை அந்த அலுமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த ஆசைப்படுகிறேன்.

கணினியை நான் வெறுக்கவில்லை. இக்கட்டுரையும் கணினியில் தட்டப்பட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தமிழுக்குச் செய்துள்ளவற்றைப் பல அரசுகள் செய்யவில்லை. அவை நிலைத்திருப்பது மனிதர்களால். மதுரைத் திட்டத்தார் பழைய எழுத்துருக்களில் இருந்த நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றினார்கள். சம்பளமில்லாத தொண்டர்கள் இரவிலே அமர்ந்து மெய்ப்புப் பார்த்தார்கள். நூலகத்தார் ஊர் ஊராய்ச் சென்று மலர்களையும் துண்டுப் பிரசுரங்களையும் வருடி ஏற்றினார்கள். அவர்கள் வருடுவதற்கும் எங்கோ ஒருவர் வீட்டுப் பரணில் ஒரு காகிதம் எஞ்சியிருக்க வேண்டியிருந்தது என்பதை இளைய ஆர்வலர்கள் மறக்கலாகாது. இணையத்தின் தந்தையருள் ஒருவராகக் கருதப்படும் விண்ட் சேர்வ் என்பவரே 2015இல், முக்கியமான படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டார். அவரைவிடக் கணினி தெரிந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதட்டும்.

பத்திரிகை நிருவாகிகளிடம் நான் கேட்பது அதிகமன்று. அச்சுக் கட்டுகளை விற்காதீர்கள். விற்றே ஆகவேண்டுமென்றால், விற்பதற்கு முன் நூலகம் நிறுவனத்தாருக்கோ பல்கலைக்கழக நூலகத்துக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு விடுங்கள். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியிலிருந்து மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியதன் பிரதிகளை ஒன்றையொன்று சாராத மூன்று இடங்களில், முடிந்தால் மூன்று நாடுகளில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எவராவது ஒருவர் அவற்றைத் திறந்து பார்க்கவேண்டும். பிக்சாரில் எவரும் திறந்து பார்க்கவில்லை. இந்த வேலையை யாருக்கு ஒப்படைத்திருக்கிறீர்கள், அவருடைய பெயர் என்ன என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பெயர் சொல்ல ஆளில்லையென்றால், அந்த அலுமாரியின் சாவியை இன்றைக்கே தேடத் தொடங்குங்கள்.