பயன் தரும் செடியும் பகையாகலாம்

 

தாயகத்தில் மாலை வேளைகளில் எம் வீடுகளில் புகைந்த நுளம்புச் சுருளை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானில் உருவான அச்சுருளுக்கு அன்று மூலப்பொருளாய் அமைந்தது, பைரேத்திரம் என்னும் வெண்ணிறப் பூவின் தூளே ஆகும். இன்றைய சுருள்களிற் பெரும்பாலானவை செயற்கை இரசாயனத்தாலானவை. எனினும் இயற்கைப் பூச்சிகொல்லியாக இப்பூவின் மதிப்புக் குன்றவில்லை.

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் பிறப்பிடம் ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையாகும். பின்னர் அது கென்யாவின் மலைநிலங்களிற் செழித்தது. 1980களிலிருந்து எமது அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவிலும் பெருமளவிற் பயிரிடப்படுகின்றது. அந்நியச் செடியொன்றை இவ்வளவு பரப்பில் நட்டால், அது வேலி தாண்டிப் பரவி நாட்டையே ஆக்கிரமித்துவிடாதா? மாணவர் இவ்வாறு வினவினால் அது நியாயமான கேள்வியே.

பைரேத்திரத்தின் இயல்பு ஓரளவு ஆறுதல் தருகின்றது. அதன் விதைக்குக் காற்றிற் பறக்கும் பஞ்சு இல்லை. பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே விதை கொள்ளாது. இளஞ்செடி மெதுவாக வளர்வதால், பிற களைகளே அதனை நெருக்குகின்றன.

ஆயினும் அதே பேரினத்தைச் சேர்ந்த டான்சி என்னும் செடியின் கதை வேறு. ஐரோப்பியக் குடியேறிகள் அதனை மருந்து மூலிகையாகவே வட அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். அது தோட்டத்தை விட்டு வெளியேறி மேய்ச்சல் நிலங்களிற் பரவியது. இன்று வாஷிங்டன், மினசோட்டா மாநிலங்களில் அது சட்டத்தால் அறிவிக்கப்பட்ட களையாகும். நல்ல நோக்கத்தோடு கொண்டுவரப்பட்டது என்பது ஒரு செடிக்கு நற்சான்றிதழ் ஆகாது.

இன்னொரு உறவினரான பார்த்தீனியத்தை எவரும் விரும்பி நடவில்லை. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த அது, புல் விதையோடு கலந்து குயின்ஸ்லாந்துக்கு வந்தது. இன்று எமது யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அது தோட்டக் காணிகளைப் பிடித்து, விவசாயிகளுக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் திணறலையும் தருகின்றது.

எனவே, அந்நியச் செடி என்பதற்காக எதனையும் வெறுப்பதும் தவறு. பயனுள்ளது என்பதற்காக ஆராயாது வரவேற்பதும் தவறு. பிறந்த இடம் குற்றமன்று. அது கடல் கடந்து வந்த எமக்கு நன்கு தெரியும். செடியின் இயல்பை அறிந்தே தீர்ப்பளிக்க வேண்டும். இந்நாடு 1997 முதல் புதிய செடி எதனையும் 49 கேள்விகளால் ஆராய்ந்த பின்பே அனுமதிப்பது இதனாலேயே.

ஆனால் அக்கேள்விகளை எல்லாம் கடந்து செல்லும் வழி ஒன்றுண்டு. அது எமது பயணப் பெட்டி! ஊருக்குச் சென்று திரும்புகையில், அம்மம்மா அன்போடு கட்டித்தந்த விதைப் பொட்டலத்தைச் சேலைக்குள் மறைத்து வைப்போர் எம்மிடையே இல்லையா? அதில் ஒரு களை விதை கலந்திருந்தால் யார் அறிவார்? அருகில் நிற்கும் பிள்ளை, பயணிகள் படிவத்தில் நாம் "இல்லை" என்று எழுதுவதையும் பார்த்துக்கொண்டே நிற்கின்றது. முருங்கையும் கறிவேப்பிலையும் இந்நாட்டு நாற்றுமேடைகளிலேயே கிடைக்கின்றன. கொண்டு வந்ததை மறைக்காது அதிகாரியிடம் காட்டுவது, தாயகப் பற்றுக்குக் குறைவாகாது.

தமிழையும் பண்பாட்டையும் எவ்வளவு வேண்டுமாயினும் சுமந்து வருவோம். விதையை மட்டும் கேட்டுக் கொண்டு வருவோம். வாழவைத்த மண்ணுக்கு நாம் செய்யும் நன்றி அதுவே.