பெரிய டயரும் டீசல் கணக்கும்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் பக்கம் போகும் 50-ஆம் எண் கூட்டரசு சாலையில் அமைந்த காஹாங் பட்டணத்தில், செம்பனைத் தோட்டத்துச் சிறு உடைமைக்காரர்களும், குத்தகைக்காரர்களும், எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் பயணிகளை அழைத்துச் செல்கிறவர்களும் ஓட்டுகின்ற ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் முதலான பிக்கப் வண்டிகள், தொழிற்சாலையில் பூட்டிய டயர்களைக் கழற்றிவிட்டு, அவற்றினும் உயரமும் அகலமும் மிகுந்த, ஆழமான பள்ளங்கள் வெட்டிய டயர்களைப் பூண்டு நிற்பது அபூர்வமான காட்சியல்ல. கம்பீரத்துக்காக ஒருவர் அவ்வாறு செய்வாரானால் அது அவருடைய ரசனையைச் சேர்ந்த விஷயம். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் பெரிய டயர் போட்டால் டீசல் மிச்சமாகும் என்று ஓர் அபிப்பிராயம் பட்டறைகளிலும் உணவுக்கடைகளிலும் சித்தாந்தம்போல் பேசப்பட்டு, கணக்குப் பார்த்துச் செலவு செய்ய வேண்டிய குடும்பஸ்தர்களும் அதை நம்பிப் பணத்தைக் கொட்டுகிறார்கள். அந்த அபிப்பிராயத்தைத்தான் இங்கே நான் மறுக்க முற்படுகிறேன்.

அந்தக் கட்சியின் முதல் வாதம் மேலோட்டமாகப் பார்க்கும்போது மிகவும் நியாயமாகத் தோன்றுவது. பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது. ஆகவே அதே தூரத்தைக் கடக்க எஞ்சின் குறைவாகச் சுற்றினால் போதும். ஆகவே டீசலும் குறைவாகவே எரியும் என்பது அது. இதன் முதற்பாதி முழு உண்மை. ஹைலக்ஸ் வண்டிகளில் வழக்கமாக வரும் 265/65 ஆர் 17 அளவு டயரின் விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாகப் பலரும் விரும்பிப் போடும் 285/70 ஆர் 17 டயரின் விட்டம் சுமார் 831 மில்லிமீட்டர். முன்னது ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 410 முறை சுற்றினால், பின்னது 383 முறைதான் சுற்றுகிறது. இதுவரை தகராறு இல்லை.

தவறு பிற்பாதியில் இருக்கிறது. எஞ்சின் எத்தனை முறை சுற்றியது என்பதை மட்டும் வைத்து டீசல் செலவு நிர்ணயமாவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அது எவ்வளவு பாரத்தைத் தள்ள நேர்ந்தது என்பதும் சேர்ந்துதான் அதை நிர்ணயிக்கிறது. சக்கரத்தின் ஆரம் 7 சதவீதம் கூடும்போது, எஞ்சினின் அதே முறுக்கு விசையிலிருந்து சாலையில் கிடைக்கும் உந்து சக்தி ஏறக்குறைய ஆறரை சதவீதம் குறைந்துவிடுகிறது. சமதளத்தில், பாரமில்லாமல், நிதானமான ஒரே வேகத்தில் ஓடும் வண்டிக்குச் சுற்றுக் குறைவதால் எஞ்சினின் உள் உராய்வில் சிறிது மிச்சமாவது உண்டு என்பதை ஒப்புக்கொள்வது நியாயம். அந்தச் சிறு லாபத்தையும் அதே டயர் வேறு வழிகளில் விழுங்கிவிடுகிறது என்பதைப் பின்னர் காண்போம். ஆனால் பின்புறம் பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்து மேட்டில் ஏறும் வண்டிக்கு அந்தச் சிறு லாபமும் கிட்டாது. 2.4 லிட்டர் ஹைலக்ஸின் தானியங்கி கியர் கொண்ட டீசல் எஞ்சின் தன் முழு முறுக்கு விசையான 400 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 1,600 முதல் 2,000 சுற்றுகளுக்குள் தருமாறு வடிவமைக்கப்பட்டது. அந்த எல்லைக்குக் கீழே அதைத் தள்ளினால், ஓட்டுகிறவர் மேலும் அழுத்தி மிதிக்கிறார். கியர்ப் பெட்டி ஒரு படி கீழிறங்குகிறது. குறைந்த சுற்று என்று எதை எண்ணி மகிழ்ந்தோமோ அது திரும்ப ஏறிவிடுகிறது. எஞ்சினையும் கியரையும் டயரையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகக் கணித்து அமைத்த பொறியாளர்கள், டயரை மட்டும் பெருக்கினாலே டீசல் மிச்சமாகும் என்றால், அதைச் செய்யாமல் விட்டிருப்பார்களா?

இதற்கு அடுத்தபடியாக, உண்மையும் பொய்யும் கலந்த ஒரு வாதம் உண்டு. பெரிய டயர் போட்டபின் மைலேஜ் குறைந்ததாகத் தெரிவது பிரமையே, தூரத்தைக் காட்டும் மீட்டர் குறைத்துக் காட்டுவதால் வருவது, வேறொன்றுமில்லை என்பார்கள். மீட்டர் குறைத்துக் காட்டுவது மெய். மேலே சொன்ன டயர் மாற்றத்தில், மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 107 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஆனால் அந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டுப் பார்த்தால் குறை முழுவதும் மறைந்துவிடும் என்பதுதான் மெய்யல்ல. உதாரணத்துக்கு, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடிய வண்டி, டயர் மாற்றியபின் மீட்டர்க் கணக்கில் 8.8 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 1.07 ஆல் பெருக்கினால் 9.4 தான் வருகிறது, 10 வரவில்லை. பன்னிரண்டு சதவீதம் போயிற்று என்று புலம்புகிறவரும் தவறு செய்கிறார், ஒன்றும் போகவில்லை என்று சாதிக்கிறவரும் தவறு செய்கிறார். போனது ஏறக்குறைய ஆறு சதவீதம்.

இவ்விடத்தில் இன்னொரு மயக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கைப்பேசியின் செயற்கைக்கோள் கணக்கோடு ஒப்பிட்டு, “பெரிய டயர் போட்ட பிறகுதான் வேகமானி சரியாகக் காட்டுகிறது, ஆகவே மீட்டரைத் திருத்தவே வேண்டாம்” என்று சிலர் உரைக்கிறார்கள். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, வேண்டுமானால் குறிப்பிட்ட அளவு கூட்டிக் காட்டலாம் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் 39-ஆம் வாகன விதி. அதனால் தயாரிப்பாளர்கள் முன்ஜாக்கிரதையாக வேகத்தைச் சற்றுக் கூட்டியே காட்டுமாறு அமைக்கிறார்கள். பெரிய டயர் அந்தக் கூடுதலைத் தின்றுவிடுவதால் வேகம் சரியாகத் தோன்றுகிறது. தூரமானிக்கு அந்தக் கூடுதல் பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை; ஆகையால் வேகம் சரியாகிவிட்ட அதே வண்டியில் தூரம் தவறாகிவிடுகிறது. டீசல் கணக்குக்கு வேண்டியது தூரமேயன்றி வேகமல்ல.

பெரிய சக்கரம் இலகுவாக உருளும், மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பார்க்கவில்லையா என்பது மூன்றாவது வாதம். இரும்புப் பட்டை அடித்த அந்த மரச் சக்கரம் வளைந்து கொடுக்காதது. பள்ளத்தில் விழாமல் கடப்பதற்காகவே பெரிதாகச் செய்யப்பட்டது. காற்றடைத்த ரப்பர் டயரின் தன்மை வேறு. அது தரையைத் தொடுமிடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீள்கிறது. நசுங்கும்போது வாங்கிய சக்தியை மீளும்போது முழுதும் திருப்பித் தராமல் ஒரு பகுதியை உஷ்ணமாக இழந்துவிடுகிறது. நீண்ட தூரம் ஓடிய டயரைத் தொட்டுப் பார்க்கிறவருக்கு அந்த இழப்பு பிரத்தியட்சம். சக்கரம் பெரிதானால் இந்த இழப்பு சற்றுக் குறையும் என்பது, மற்றவையெல்லாம் சமமாக இருந்தால் மட்டுமே உண்மை. சேற்றுக்கென்று செய்த டயரிலோ மற்றவை எதுவும் சமமாக இல்லை: ரப்பர் கனமாகிறது, பக்கச் சுவர் தடிக்கிறது, உயர்ந்த கட்டைகளாக வெட்டப்பட்ட மேற்பரப்பு தார்ச்சாலையில் ஒவ்வொரு முறையும் நெளிந்து நெளிந்து சக்தியை உறிஞ்சுகிறது. பால்மரத்தின் இயற்கை ரப்பரில் இந்த உஷ்ண இழப்பு குறைவு என்பதனால்தான் லோரி டயர்களிலும் விமான டயர்களிலும் அது பெருமளவில் சேர்க்கப்படுகிறது. விடியுமுன் எழுந்து பால் வெட்டிய தாய் தந்தையரின் பிள்ளைகளாகிய நாம், டயரின் குணத்தை அதன் உயரத்தைக் கொண்டு மட்டும் அளப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. உருளும் தடையைப் பத்து சதவீதம் குறைத்தால் எரிபொருளில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் மிச்சமாகும் என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006-இல் பயணி வாகனங்களைப் பற்றிய தன் அறிக்கையில் கணித்தது. தடை கூடினால் அதே கணக்கு எதிர்த்திசையில் ஓடும்.

இத்தோடு காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய டயருக்கு இடம் வேண்டி வண்டியையும் தூக்குகிறார்கள். தூக்கிய வண்டி காற்றை அதிகமாக எதிர்கொள்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதால், 80-இல் ஓடும்போது இருப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு 110-இல் வந்துவிடுகிறது.

எடையைப் பற்றி என் தரப்பினரே மிகைப்படுத்துவதுண்டு. சக்கரத்தில் கூடும் ஒரு கிலோ உடம்பில் கூடும் பத்துக் கிலோவுக்குச் சமம் என்பார்கள். அது சரியல்ல, விளிம்பிலேயே இருக்கும் எடைகூட அதிகபட்சம் இரு மடங்காகத்தான் கணக்காகும். சேற்று டயர் ஒவ்வொன்றும் பத்துக் கிலோ கூடுதல் என்று கொண்டாலும், நான்குக்கும் சேர்த்து 80 கிலோவைப் போல உணரப்படும். அடிக்கடி நின்று நின்று புறப்படும் தெருவில் அது தெரியும், நெடுஞ்சாலையில் அவ்வளவாகத் தெரியாது.

இனி, காஹாங்கில் எவரும் தள்ளிவிட முடியாத வாதத்துக்கு வருகிறேன். எண்டாவ் ரொம்பின் பூங்காவின் நுழைவாயிலில் இருக்கும் கம்போங் பெத்தாவுக்குச் செல்லும் பாதை தோட்டங்களையும் காட்டையும் ஊடுருவி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. பருவமழைக் காலத்தில் செம்மண் பாதையில் வழுக்கிச் சுழலும் சக்கரம் எரிக்கிற டீசல் அனைத்தும் வீண். அங்கே பிடிப்புள்ள டயர் மிச்சம் பிடித்துத்தானே தரும் என்கிறார்கள். தரும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிடிப்பைத் தருவது பள்ளங்களின் அமைப்பேயன்றி விட்டத்தின் பெருக்கமல்ல. அதே 265/65 அளவிலேயே கரடுமுரடான பாதைக்கான டயர்கள் கிடைக்கின்றன. விட்டம் 55 மில்லிமீட்டர் கூடியதால் வண்டியின் அடிப்பாகம் உயர்ந்தது 27 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலம் அவசியமான இடம் வாரத்தில் எத்தனை முறை வருகிறது என்பதை அவரவர் யோசித்துப் பார்க்கட்டும். சேற்றில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கிறவர்கள் தார்ச்சாலை ஏறியதும் மறுபடி நிரப்புவதில்லை என்பதும் பெரும் விரயம்: நான்கு டயர்களிலும் ஒரு பவுண்டு அழுத்தம் குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. பத்துப் பவுண்டுக்கு இரண்டு சதவீதம்.

இந்தச் சதவீதங்கள் முன்பு அவ்வளவாக உறைக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டருக்கு 10-க்குப் பதில் 9.4 கிலோமீட்டர் ஓடினால், அந்த விலையில் மாதம் 30 வெள்ளிக்கு மேல் கூடுதலாகச் செலவாகும். தகுதியுள்ளவர்களுக்கு பூடி மடானி டீசல் உதவித்தொகைத் திட்டத்தில் மாதந்தோறும் கிடைத்த 200 வெள்ளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இப்படிக் கரைந்திருக்கும். டயருக்கும் ரிம்முக்கும் வண்டியைத் தூக்குவதற்கும் கொடுத்த பணம் தனி. பெரிய சக்கரத்தை நிறுத்த பிரேக்கும் அதே விகிதத்தில் கூடுதலாக உழைக்க வேண்டும் என்பதையும், பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் ஊரில், மறந்துவிடலாகாது.

ஆகவே காஹாங்வாசிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த முறை டயர் தேய்ந்து மாற்றப் போகும்போது, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் தாளில் அச்சிட்ட அளவையும் காற்றழுத்தத்தையும் குறித்துக்கொண்டு, அந்த அளவிலேயே உங்கள் பாதைக்கு ஏற்ற டயரைக் கேட்டு வாங்குங்கள்.